வகை சொல்லாமல் சிஸ்டம் லைப்ரரியை அழைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், பைத்தன் நிரலிலிருந்து இயங்குதளத்தின் சி லைப்ரரியை (ஒவ்வொரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதிகளின், அதாவது ஃபங்ஷன்களின், ஆயத்தத் தொகுப்பை) நேரடியாக அழைப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. இப்படியொரு விஷயத்தைத் தமிழில் எடுத்து எழுதியதற்கு முதலில் எங்கள் நன்றி. லைப்ரரியைத் திறக்க ஒரு வரி, ஃபங்ஷனை அழைக்க ஒரு வரி, அவ்வளவுதான் என்று அதில் இருந்தது. இரண்டு வரியில் அழைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஃபங்ஷன் எந்த வகை மதிப்புகளை வாங்கிக்கொள்ளும், எந்த வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்று அறிவிக்கும் வேறு இரண்டு வரிகள் அதில் விடுபட்டுவிட்டன. அவை இல்லாத நிரல் ஒரு கணினியில் ஓடும், அடுத்த கணினியில் விழும், அதாவது பாதியிலேயே நின்றுபோகும். இன்னும் மோசமாக, விழாமலே தப்பான எண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இது ஏட்டுப் படிப்புக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் கூலிமிலும் மின்னணுத் தொழிற்சாலைகளின் சோதனைப் பிரிவுகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். அளவுக் கருவி வாங்கினால் கூடவே ஒரு டிஎல்எல் கோப்பும் (விண்டோஸில் லைப்ரரி இருக்கும் கோப்பு), அதன் ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஒரு ஹெடர் கோப்பும் வரும். அந்த டிஎல்எல்லைப் பைத்தனிலிருந்து அழைத்து வோல்ட்டேஜ் படிப்பது, மின்சுற்றுப் பலகை தேறியதா இல்லையா என்று முடிவு செய்வது, இதெல்லாம் அன்றாட வேலை. அங்கே வகையைத் தப்பாகச் சொன்னால், கெட்ட பலகை நல்ல பலகை என்று பெட்டிக்குள் போய்விடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பைத்தனில் இதற்கென்று இருக்கும் கருவி சிடைப்ஸ். 2006-இல் வந்த பைத்தன் 2.5 முதல் அது பைத்தனோடு சேர்ந்தே வருகிறது. தனியாக நிறுவ வேண்டியதில்லை. லைப்ரரியைத் திறக்கும்போது அது லினக்ஸில் டிஎல்ஓபன், விண்டோஸில் லோட்லைப்ரரி என்ற இயங்குதள ஃபங்ஷனையே பயன்படுத்துகிறது. ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால் மெமரியில் அதன் முகவரி கிடைக்கும். கிடைப்பது முகவரி மட்டுமே. சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரியின் ஏற்றுமதிப் பட்டியலில் ஃபங்ஷனின் பெயர் இருக்கும், இடம் இருக்கும். அது எத்தனை மதிப்பு வாங்கும், அவை முழு எண்ணா தசம எண்ணா பாயிண்டரா (மெமரி முகவரியா) என்ற விவரம் எதுவும் இருக்காது. அந்த விவரம் ஹெடர் கோப்பில் இருக்கிறது. சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஹெடரைப் படிக்கிறது, சிடைப்ஸ் படிப்பதில்லை. ஆகவே ஹெடரில் உள்ளதைப் பைத்தனுக்கு எடுத்துச் சொல்வது நிரல் எழுதுபவரின் வேலை. ஆர்க்டைப்ஸ் என்ற பட்டியலில் வாங்கும் வகைகளையும், ரெஸ்டைப் என்பதில் திருப்பித் தரும் வகையையும் எழுத வேண்டும்.

எழுதாவிட்டால் சிடைப்ஸ் தானாகச் சிலவற்றை வைத்துக்கொள்கிறது. திரும்பி வருவது 32 பிட் முழு எண் என்று கொள்கிறது. பைத்தன் முழு எண்ணைக் கொடுத்தால் அதையும் சி மொழியின் இன்ட் ஆகவே அனுப்புகிறது. பைட்ஸ் (வெறும் பைட்களின் வரிசை) கொடுத்தால் ஒரு பைட் எழுத்துகளின் பாயிண்டராகவும், சாதாரண ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) கொடுத்தால் அகல எழுத்துகளின் (ஒவ்வொன்றும் பல பைட் பிடிக்கும் எழுத்துகளின்) பாயிண்டராகவும் அனுப்புகிறது. தசம எண்ணைக் கொடுத்தால் மட்டும் எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை என ஆர்க்யுமெண்ட்எரர் என்ற பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. அது நின்றுவிடுவது நல்லது. மற்றவை நிற்பதில்லை.

குறிப்பில் எடுத்துக்காட்டாக வந்த ஸ்டர்லென் ஃபங்ஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்ட்ரிங்கின் நீளத்தைப் பைட் கணக்கில் சொல்லும் மிக எளிய ஃபங்ஷன் அது. சுழி பைட் வரும்வரை எண்ணிக்கொண்டு போகும். வகை அறிவிக்காமல் அதற்கு 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் விடை 2. விண்டோஸில் விடை 10. சரியான விடை, எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில், 15. ஒரே சொல், ஒரே ஃபங்ஷன், மூன்று விடை. ஏன் இப்படி?

யூனிகோடில் 'தமிழ்' என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. குறிகளை எண்ணும் பைத்தனின் லென் ஃபங்ஷன் 5 என்று சொல்வது இதனால்தான். சாதாரண ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் சிடைப்ஸ் அதை அகல எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது. லினக்ஸில் ஓர் அகல எழுத்து 4 பைட். த என்பதன் குறியெண் பதினாறடிமானத்தில் 0பிஏ4. நம் கணினிகளில் சிறிய பைட் முன்னால் வரும் என்பதால் மெமரியில் ஏ4, 0பி, 00, 00 என்று உட்காரும். ஸ்டர்லென் இரண்டு பைட் எண்ணி, மூன்றாவது இடத்தில் சுழியைப் பார்த்து, 2 என்று சொல்லிவிடுகிறது. விண்டோஸில் ஓர் அகல எழுத்து 2 பைட். ஐந்து குறிக்கும் பத்து பைட், நடுவில் எங்கும் சுழி இல்லை, ஆகவே 10. ஸ்டர்லென் மேல் ஒரு குற்றமும் இல்லை. கொடுத்ததை அது எண்ணியது.

ஆர்க்டைப்ஸில் சி_சார்_பி (ஒரு பைட் எழுத்துகளின் பாயிண்டர்) என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? சாதாரண ஸ்ட்ரிங்கைக் கொடுத்த அந்த வரியிலேயே பைத்தன் பிழை காட்டும். அப்போது யுடிஎஃப்-8 பைட்ஸாக மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஐந்துக்கும் 15, எந்த இயங்குதளத்திலும் 15. ரெஸ்டைப்புக்கு சி_சைஸ்_டி (அளவுகளுக்கான முழு எண் வகை) என்று எழுத வேண்டும். இந்த ஃபங்ஷனில் அதை விட்டாலும் சிறிய ஸ்ட்ரிங்குகளுக்குப் பாதிப்பு தெரியாது. பழக்கம் கெட்டுவிடும் என்பதுதான் கவலை.

ஆங்கில எழுத்துகளை வைத்துச் சோதித்தவர்களுக்கு லினக்ஸில் 'பினாங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விடை 1 என்று வரும். ஒன்று என்றதும் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். தமிழில் 2, 10 என்று வருவதால், ஏதோ எழுத்துக் கணக்கு போலும் என்று நம்பிவிட இடம் உண்டு. தமிழில் நிரல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பைட் கணக்கு வேறோர் இடத்திலும் கடிக்கும். லினக்ஸில் ஓடும் நிரலுக்குப் பெயர் வைக்க பிஆர்சிடிஎல் என்ற ஃபங்ஷனை 15 என்ற கட்டளை எண்ணோடு அழைப்பார்கள். பெயருக்கு இடம் 16 பைட். கடைசிச் சுழிக்கு ஒன்று போக 15. மிஞ்சினால் பிழை எதுவும் காட்டாமல் வெட்டிவிடும். 15 பைட் என்றால் தமிழில் ஐந்து குறி. 'பினாங்கு' என்று பெயர் வைத்தால் பட்டியலில் 'பினாங' என்று நிற்கும். புள்ளி கூட மிஞ்சாது.

அடுத்தது பாயிண்டர். எங்கள் அனுபவத்தில் அதிகப்படியான விழுகைகள் இங்கேதான். கெட்என்வ் (சூழல் மாறியைப் படிப்பது), மாலாக் (மெமரி ஒதுக்குவது), ஸ்டர்டூப் (ஸ்ட்ரிங்கைப் படியெடுப்பது) போன்ற ஃபங்ஷன்கள் ஒரு மெமரி முகவரியைத் திருப்பித் தருகின்றன. 64 பிட் கணினியில் முகவரி 8 பைட். ரெஸ்டைப் எழுதாவிட்டால் சிடைப்ஸ் கீழ்ப் பாதி 4 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேல் பாதியை விட்டுவிடும். அந்த அரைகுறை முகவரியை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தவுடன் நிரல் விழும். பழைய 32 பிட் கணினியில் முகவரியே 4 பைட்தான் என்பதால் அதே நிரல் அங்கே ஒழுங்காக ஓடும். 64 பிட்டிலும் முகவரி தற்செயலாகத் தாழ்வான இடத்தில் விழுந்தால் ஓடும். 'என் கணினியில் ஓடுகிறதே' என்று ஒருவர் சொல்வதும் 'என்னிடம் விழுகிறதே' என்று இன்னொருவர் சொல்வதும் இரண்டும் உண்மையாக இருக்கும்.

ரெஸ்டைப்பில் சி_சார்_பி எழுதினால் கெட்என்வுக்குச் சரி. ஸ்டர்டூப்புக்கு அது போதாது. ஏனென்றால் சி_சார்_பி என்று சொன்னதும் சிடைப்ஸ் எழுத்துகளைப் பைத்தன் பைட்ஸாகப் படியெடுத்துக்கொண்டு மூல முகவரியை விட்டுவிடுகிறது. ஸ்டர்டூப் ஒதுக்கிய மெமரியை நாம்தான் ஃப்ரீ என்ற ஃபங்ஷனால் விடுவிக்க வேண்டும்; முகவரி கையில் இல்லாமல் எதை விடுவிப்பது? இப்படி விடுவிக்க வேண்டிய மெமரியைத் தரும் ஃபங்ஷன்களுக்கு ரெஸ்டைப் சி_வாய்ட்_பி (வகை சொல்லாத வெறும் முகவரி) என்று இருக்க வேண்டும். அது ஒரு முழு எண்ணாக வரும். அதைப் படித்துக்கொண்டு, பிறகு ஃப்ரீக்குக் கொடுக்க வேண்டும். ஃப்ரீக்கும் ஆர்க்டைப்ஸில் சி_வாய்ட்_பி என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகும் வழியில் மறுபடி பாதி முகவரி வெட்டுப்படும். விண்டோஸில் இன்னொரு கவனம்: எந்த லைப்ரரி மெமரியை ஒதுக்கியதோ, அதே லைப்ரரி தரும் விடுவிப்பு ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும். ஓடும் ஒரே நிரலுக்குள் இரண்டு சி ரன்டைம்கள் (சி மொழியின் அடிப்படை லைப்ரரிகள்) இருக்கலாம். ஒன்று ஒதுக்கியதை இன்னொன்று விடுவித்தால் ஹீப், அதாவது ஒதுக்கித் தரும் மெமரிப் பகுதி, கெட்டுப்போகும்.

தசம எண் விஷயம் எளிது, ஆனாலும் சொல்ல வேண்டும். வர்க்கமூலம் தரும் எஸ்கியூஆர்டி ஃபங்ஷனுக்கு சி_டபுள் என்று சுற்றிக் கொடுத்துவிட்டு ரெஸ்டைப்பை மறந்தால், வருவது ஏதோ ஒரு முழு எண். இன்டெல் வகை 64 பிட் செயலிகளில் தசம விடை எக்ஸ்எம்எம்0 என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) வரும். முழு எண் விடை ஆர்ஏஎக்ஸில் வரும். சிடைப்ஸ் ஆர்ஏஎக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விடை அங்கே வரவே இல்லை. முன்பு கிடந்தது எதுவோ அதைத்தான் எடுத்துத் தருகிறது.

வகையைச் சரியாகச் சொல்வதிலும் ஒரு பொறி உண்டு. ஹெடரில் லாங் என்ற முழு எண் வகை இருந்தால் சி_லாங் என்றே எழுதுங்கள். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஒன்றைப் பார்த்துவிட்டு 64 பிட் எண் என்று நேரடியாக எழுதிவிட்டால் மற்றொன்றில் தவறாகும். விண்டோஸ் ஃபங்ஷன்களுக்கு சிடைப்ஸுக்குள்ளேயே விண்டைப்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. ஹேண்டில் (விண்டோஸ் தரும் அடையாள மதிப்பு), டிவேர்ட் (32 பிட் முழு எண்) போன்ற வகைகளுக்கு அதையே பயன்படுத்துவது நல்லது.

இனி ஸ்ட்ரக்சர், அதாவது பல புலங்களை ஒன்றாகக் கட்டிய பதிவு. கருவிகளோடு வேலை செய்பவர்கள் இங்கேதான் அதிகம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஹெடரில் இப்படி ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சேனல் எண் 1 பைட், வோல்ட்டேஜ் டபுள் (தசம எண்) 8 பைட், நிலைக்குறி 2 பைட். கூட்டினால் 11. ஆனால் சாதாரணமாக இதன் அளவு 24 பைட். டபுள் 8-இன் மடங்கில்தான் தொடங்கும் என்பதால் சேனலுக்குப் பிறகு 7 பைட் வெற்றிடம். மொத்த அளவும் 8-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் கடைசியில் 6 பைட் வெற்றிடம். கருவி செய்தவர் ஹெடரில், புலங்களை நெருக்கி அடுக்கச் சொல்லும் பேக் 1 என்ற கட்டளையைப் போட்டிருந்தால் வெற்றிடம் இல்லை, 11 பைட்தான். அந்தக் கட்டளை பெரும்பாலும் ஹெடரின் மேற்பகுதியில், பதிவிலிருந்து பல நூறு வரி தள்ளி இருக்கும். கண்ணில் படாமல் போய்விடும்.

லைப்ரரி 11 பைட் என்று எழுத, பைத்தன் 24 பைட் என்று படித்தால், வோல்ட்டேஜை 1-ஆம் பைட்டிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக 8-ஆம் பைட்டிலிருந்து எடுக்கும். நிரல் விழாது. 3.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பொருளற்ற ஓர் எண் வரும். அந்த எண் தற்செயலாக மேல் வரம்புக்குக் கீழே இருந்து, கீழ் வரம்பைச் சோதிக்காமல் விட்டிருந்தால், பலகை தேறிவிடும். மறுபக்கம், லைப்ரரி 24 பைட் எழுத, பைத்தன் 11 பைட்தான் ஒதுக்கியிருந்தால், மீதி 13 பைட் வேறு ஏதோ ஒரு பொருளின் மெமரி மேல் எழுதப்படும். கெடுதல் நடந்த இடம் ஒன்று, நிரல் விழும் இடம் வேறொன்று. அதுவும் அரை மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு வரியில்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, சிரமம் குறைவு. ஹெடரைச் சேர்த்து, பதிவின் சைஸ்ஆஃப் அளவையும் ஒவ்வொரு புலத்தின் ஆஃப்செட்டையும் (எந்தப் பைட்டில் தொடங்குகிறது என்பதையும்) அச்சிடும் ஒரு சிறிய சி நிரலை எழுதி ஒருமுறை ஓட்டுங்கள். பைத்தன் பக்கம் சிடைப்ஸின் சைஸ்ஆஃப், புலத்தின் ஆஃப்செட் ஆகியவை அதே எண்களைத் தர வேண்டும். அந்த எண்களை நிரலின் தொடக்கத்தில் அசர்ட் வரியாகவே (பொருந்தாவிட்டால் நிரலை நிறுத்தும் சோதனை வரியாகவே) போட்டுவிடுங்கள். கருவி செய்தவர் அடுத்த பதிப்பில் ஒரு புலத்தைக் கூட்டினால், நீங்களும் புதிய ஹெடரைப் பார்த்துப் பதிவை மாற்றும்போது அசர்ட் உங்களை நிறுத்தி மறுபடி அளக்கச் சொல்லும். பைத்தன் பக்கம் பேக் எண்ணை எழுதும்போது அது புலங்களின் பட்டியலுக்கு முன்னால் வர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் எழுதினால் பலன் இல்லை.

விண்டோஸின் சில பதிவுகளில் முதல் புலமே அளவாக இருக்கும். மெமரி நிலவரம் கேட்கும் குளோபல்மெமரிஸ்டேட்டஸ்இஎக்ஸ் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் பதிவில் அந்த இடத்தில் 64 என்று நாமே நிரப்ப வேண்டும். விட்டால் ஃபங்ஷன் தோல்வி என்று திரும்பும். பதிவில் சுழிகள்தான் மிஞ்சும்.

லைப்ரரி நமக்குள் எழுதும் இடங்களுக்குப் பைத்தன் பைட்ஸைக் கொடுக்கவே கூடாது. பைட்ஸ் மாறாத பொருள். அதே மதிப்பை நிரலின் வேறு பகுதியும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். கிரியேட்_ஸ்ட்ரிங்_பஃபர் மூலம் இடம் ஒதுக்கி, அதன் அளவையும் ஃபங்ஷனுக்குச் சொல்ல வேண்டும். படிக்கும்போது வேல்யூ என்றால் முதல் சுழியோடு நிற்கும். ரா என்றால் முழு இடமும் வரும். கருவி அனுப்பும் பைனரித் தரவில் நடுவே சுழி இருப்பது சாதாரணம் என்பதால் அங்கே ராதான் வேண்டும்.

கால்பேக் பற்றியும் கட்டாயம் எழுத வேண்டும். கருவியில் அளவு முடிந்ததும் நம் பைத்தன் ஃபங்ஷனை அழைக்கச் சொல்லிப் பதிவு செய்வதுண்டு. சிஃபங்க்டைப் கொண்டு அதைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். சுற்றிய அந்தப் பொருளை ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழைப்பு வரியிலேயே சுற்றிக் கொடுத்தால், அந்த வரி முடிந்ததும் பைத்தன் அதைக் குப்பை என்று அள்ளிவிடும். லைப்ரரியிடம் பழைய முகவரி மட்டும் இருக்கும். வரிசைப்படுத்தும் கியூசார்ட் மாதிரி அழைப்பு முடிவதற்குள் கால்பேக்கை முடித்துக்கொள்ளும் ஃபங்ஷன்களில் இது தெரியாது; பிறகு அழைக்கும் லைப்ரரிகளில் நிரல் விழும். கால்பேக்குக்குள் எழும் பைத்தன் பிழைகளும் அழைத்தவரிடம் போகாது. திரையில் அச்சாகிவிட்டு நிரல் தொடரும். ஆகவே கால்பேக்கின் முழு உடலையும் பிழையைப் பிடிக்கும் டிரை, எக்செப்ட் கொண்டு மூடி, பிழையை ஒரு வரிசையில் போட்டு, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

சிடைப்ஸின் சிடிஎல்எல் வழியாகத் திறந்த லைப்ரரியை அழைக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் இணையாக ஓடும் ஓட்டத்தை) மட்டும் ஓடவிடும் தன் பொதுப் பூட்டைப் பைத்தன் திறந்துவிடுகிறது. அதனால் மற்ற த்ரெட்கள் ஓடும், நல்லதுதான். ஆனால் ஒரே கருவி லைப்ரரியை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் அழைக்கவும் வழி திறந்துவிடுகிறது. அதைத் தாங்கும் என்று கருவியின் கையேட்டில் எழுதியிருந்தால் ஒழிய, நாமே ஒரு லாக் (பூட்டு) போட்டுக்கொள்ள வேண்டும்.

தோற்ற அழைப்பின் காரணத்தைச் சொல்லும் பிழை எண்ணை (எர்நோவை) வாங்குவதிலும் முறை உண்டு. லைப்ரரியைத் திறக்கும்போதே யூஸ்_எர்நோ என்று சொல்லித் திறக்க வேண்டும். பிறகு சிடைப்ஸின் கெட்_எர்நோவைக் கேட்க வேண்டும். வேறு வழியில் எர்நோவைத் தேடினால், இடையில் பைத்தன் செய்த ஏதோ ஒரு சிஸ்டம் அழைப்பின் எண் வந்து நிற்கும். விண்டோஸில் யூஸ்_லாஸ்ட்_எரர், கெட்_லாஸ்ட்_எரர். ஃபங்ஷன் தோல்வி என்று சொன்ன பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள். வெற்றி பெற்ற அழைப்பு பழைய எண்ணை அழிப்பதில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் கீழே சோதனை எழுதுவதைவிட, எர்செக் என்ற இடத்தில் ஒரு சோதனை ஃபங்ஷனை ஒருமுறை பொருத்திவிடலாம். தோல்விக் குறி வந்தால் அது பைத்தன் பிழையாக எழும். யாரும் பார்க்காமல் விட முடியாது.

லைப்ரரி திறக்கவே மறுக்கும் நேரங்களும் உண்டு. லினக்ஸில் சி லைப்ரரிக்கு லிப்சி.எஸ்ஓ என்று கொடுத்தால் ஈஎல்எஃப் (லினக்ஸின் இயங்கு கோப்பு வடிவம்) தலைப்பு சரியில்லை என்று சொல்லும். பல கணினிகளில் அந்தப் பெயரில் இருப்பது நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்க்கருக்கான ஒரு சிறு எழுத்துக் கோப்பு. லிப்சி.எஸ்ஓ.6 என்று கொடுக்க வேண்டும். மேக் கணினிகளில் பதிப்பு 11 முதல் சிஸ்டம் லைப்ரரிகள் தனிக் கோப்பாக வட்டில் இல்லை. கோப்பு இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத் திறக்கும் நிரல்கள் அங்கே தேவையில்லாமல் தோற்கும். விண்டோஸில் பிழை எண் 193 வந்தால், பைத்தன் 64 பிட், டிஎல்எல் 32 பிட், அல்லது மாறி. ஓடும் ஒரே நிரலுக்குள் இரண்டும் சேராது. கருவி செய்தவர் 32 பிட் மட்டுமே கொடுத்திருந்தால், 32 பிட் பைத்தனில் ஒரு சிறு நிரலைத் தனியே ஓட்டி, பைப் (இரு நிரல்களுக்கு இடையிலான தரவு வழி) வழியாகப் பேசிக்கொள்வதுதான் வழி. பிழை எண் 126 என்றால், கோப்பு கண்ணெதிரே இருந்தாலும் அது சார்ந்திருக்கும் இன்னொரு டிஎல்எல் இல்லை என்று பொருள். பைத்தன் 3.8 முதல் அந்தச் சார்புக் கோப்புகளைப் பாத் பட்டியலில் தேடுவதில்லை. ஓஎஸ் தொகுப்பின் ஆட்_டிஎல்எல்_டைரக்டரி மூலம் அடைவைச் சேர்க்க வேண்டும். திறக்கும்போது வெறும் பெயரைக் கொடுக்காமல் முழுப் பாதையையும் கொடுப்பது பாதுகாப்பும்கூட. லைப்ரரி திறந்த அந்தக் கணமே அதன் தொடக்க நிரல் ஓடிவிடும்; அதே பெயரில் வேறொரு கோப்பை யாராவது வைத்திருந்தால் அதுவும் ஓடும்.

நிரல் சத்தமில்லாமல் விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது: பைத்தனை ஃபால்ட்ஹேண்ட்லரோடு ஓட்டுவது. பைத்தன் 3.3 முதல் கூடவே இருக்கிறது. விழும் நேரத்தில் எந்தப் பைத்தன் வரியில் நின்றது என்று அச்சிட்டுவிடும். லினக்ஸ் ஷெல்லில் வெளியேறு எண் 139 என்றால் அது மெமரி மீறல்.

சிடைப்ஸ்தான் ஒரே வழி என்று சொல்லவில்லை. சிஎஃப்எஃப்ஐ என்ற தொகுப்பில் ஹெடரின் அறிவிப்பு வரிகளை அப்படியே ஒட்டலாம். அதிலும் ஏபிஐ (API) முறையைத் தேர்ந்தால் சி கம்பைலரே ஹெடரோடு ஒப்பிட்டுப் பார்த்து, பதிவின் அளவு பொருந்தாவிட்டால் அங்கேயே சொல்லிவிடும். கணினியில் கம்பைலர் இருந்தால் அதையே பரிந்துரைப்போம். பல சமயம் இரண்டுமே தேவைப்படாது: பைத்தனின் ஓஎஸ், டைம், சாக்கெட் தொகுப்புகளில் வேண்டியது ஏற்கெனவே இருக்கும். முதலில் அங்கே தேடிவிட்டு வாருங்கள்.

பைத்தனோடு இது முடிவதில்லை. இணையப் பக்கங்கள் எழுதும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பில், 2019-இல், இதே வேலையைச் செய்யும் எஃப்எஃப்ஐ வந்தது. இணையப் பக்கங்களில் அது இயல்பாகத் திறந்திருப்பதில்லை, அது சரியான முடிவு என்பது எங்கள் கருத்து. கோலாலம்பூர் அலுவலகங்களில் கணக்குப் பிரிவுகள் இன்றும் நம்பியிருக்கும் எக்செல் மேக்ரோக்களிலும் இதே கதைதான். 64 பிட் ஆஃபீஸ் வந்த 2010 முதல், விண்டோஸ் ஃபங்ஷனை அழைக்கும் டிக்ளேர் வரிகளில் பிடிஆர்சேஃப் என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 64 பிட் ஆஃபீஸில் மேக்ரோ ஓடவே மறுக்கும். அதை மட்டும் சேர்த்துவிட்டு ஹேண்டில்களை லாங் என்றே விட்டுவிடுகிறார்கள். அங்கே முகவரி அளவுள்ள லாங்பிடிஆர் வகை வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன பாதி முகவரிச் சிக்கல் எக்செலுக்குள் வந்துவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் குறிப்பின் ஸ்டர்லென் எடுத்துக்காட்டை ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் வரிகளோடு மறுபடி வெளியிடுங்கள். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் வரும் விடைகளைப் பக்கத்தில் போட்டால், இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தாங்களே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கணினிப் பக்கத்தில் இனி வரும் எடுத்துக்காட்டுகளிலும் இதே முறை தொடர வேண்டும். இடம் போதாவிட்டால் விளக்கத்தைச் சுருக்குங்கள், எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அந்த இரண்டு வரிகளை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவுகளில் நிரல் எழுதும் வாசகர்கள்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.